பார்த்துச் செய்தவள்

சுகப்பிரியாவுக்கு அந்தக் கம்பெனியில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்ததில்லை. சேர்ந்த முதல் வாரம் ஓர் அறையில் உட்காரவைத்து டி.வி.யில் படம் போட்டுக் காட்டினார்கள். காருக்குள் ஓடும் ஒயர்களைப் பலகையில் ஆணிக்கு ஆணி இழுத்து, ஒன்றாகச் சேர்த்து, டேப் சுற்றி, முனையில் கனெக்டர் மாட்டி அனுப்புவதுதான் அங்கே வேலை. படத்தில் வந்த பெண் சிரித்த முகமாக, பூ கட்டுவதுபோல நிதானமாக டேப் சுற்றினாள். அடுத்த வாரம் லைனில் கொண்டுபோய் நிறுத்தினால், பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வந்துகொண்டே இருந்தன. ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. நிதானம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சூப்பர்வைசர் புருஷோத்தமன் அவளை ஒரு பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். அந்தப் பலகையில் நின்றவள் கலைமதி.

"பேரு இன்னா?"

"சுகப்பிரியாக்கா."

"எந்த ஊரு?"

"களக்காடு பக்கம்."

"அது எங்க கீது? சரி, வுடு. வாயால சொன்னா மண்டைல ஏறாது. என் கையப் பாரு."

கையைத்தான் பார்த்தாள். டேப் உருளையை விரலில் மாட்டாமல் உள்ளங்கையில் அடக்கிக்கொள்வது, ஒரு சுற்றின் மேல் பாதி ஏறும்படி அடுத்த சுற்றைப் போடுவது, கத்திரியைத் தேடாமல் கட்டைவிரல் நகத்தாலேயே டேப்பைக் கிள்ளி அறுப்பது. கை பழகியதும் கண் மற்றவற்றுக்கும் போனது. தொப்பிக்குள் முடி நழுவாதபடி காதுக்கு மேலே ஊசியைக் குறுக்காகக் குத்துவது எப்படி, சூப்பர்வைசர் திட்டும்போது தலையை நிமிர்த்தாமல், கையையும் நிறுத்தாமல் "சரிங்க சார்" என்று சொல்வது எப்படி, அவர் அந்தப்பக்கம் நகர்ந்ததும் பக்கத்துப் பலகைக்காரியைப் பார்த்து ஒற்றைக் கண்ணை மட்டும் சுருக்குவது எப்படி என்பதெல்லாம் கலைமதியிடமிருந்து வந்தவைதான்.

கனெக்டரை மாட்டுவதற்கு முன்னால் கலைமதி அதைப் பலகை ஓரத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். சுகப்பிரியாவும் தட்டினாள். உள்ளே தூசி இருந்தால் விழட்டும் என்பதற்காக இருக்கும், இல்லையென்றால் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கிறதா என்று சத்தத்தில் கண்டுபிடிப்பதற்காக இருக்கும் என்று அவளாகவே காரணம் கற்பித்துக்கொண்டு மாதக்கணக்கில் தட்டினாள். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"அதுவா? தெரிலயேடீ. கை தானா தட்டுது." கலைமதிக்குச் சிரிப்பு வந்தது. "நீ எதுக்குத் தட்டற?"

"நீங்க தட்டுனீங்க, அதான்."

"அட லூசே!"

அதற்குப் பிறகும் இரண்டு பேரும் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தென்றல் என்று ஒரு புதுப் பெண் வந்து சுகப்பிரியாவுக்கு அடுத்த பலகையில் நின்றாள். சில நாட்களில் அவளும் தட்டினாள். அவளிடம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கேன்டீனிலும் அப்படித்தான். கலைமதி எந்த வரிசையில் நிற்கிறாளோ அதே வரிசை, அவள் உட்காரும் அதே மேஜை. மாதத்தில் ஒருநாள் கலைமதி குழம்பையும் முட்டையையும் தொடாமல் தயிர்சாதம் மட்டும் வாங்குவாள். சுகப்பிரியாவும் அன்று தயிர்சாதம்தான். வயிற்றுக்கு ஒருநாள் ஓய்வு கொடுக்கிறாள் போலிருக்கிறது, நல்ல பழக்கம்தான் என்று எண்ணிக்கொண்டாள்.

ஊரிலிருந்து அம்மா சொர்ணம்மாள் போனில் கேட்டாள். "ஏட்டி, அது என்ன 'இன்னா இன்னா'ங்க? எவகிட்ட படிச்ச?"

"யாருகிட்டயும் படிக்கலம்மா. தானா வருது."

"தானா வராது. யாரையோ பாத்துட்டு இருக்க."

அம்மா சொன்னது சரிதான். சுகப்பிரியாவின் சுபாவம் அது. எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் அவளுக்கு உண்டு. ஆனால் தான் நினைப்பது சரிதானா என்ற சந்தேகம் அதைவிடப் பெரியது. ரூமில் பல்ப் ஒன்று வாங்குவதற்குக் கூட நாலு தடவை யோசிப்பாள். கலைமதியைப் பார்த்துச் செய்துவிட்டால் யோசிக்க வேண்டியதில்லை. அதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்குப் பாசம் என்று அவள் பெயர் வைத்திருந்தாள்.

அந்த மாதக் கடைசியோடு அவளுடைய ட்ரெயினி காலம் முடிகிறது. பெர்மனன்ட் ஆக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது எச்.ஆர். அதிகாரி ராஜசேகர் கையில் இருந்தது. அனுப்பிவிட்டால் ஊருக்குப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற வேண்டியதுதான். "முறம் சும்மாதான் கிடக்கு, வந்துரு," என்று அம்மா ஆறுதலாகத்தான் சொன்னாள். சுகப்பிரியாவுக்கு அது மிரட்டல்போலக் கேட்டது. அதே சமயம் லைன் லீடர் பதவி ஒன்று காலியாகி, கலைமதியின் பெயர் மேலே போயிருந்தது. அவள் லீடரானால் தனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று சுகப்பிரியா நம்பியிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் பாஞ்சாலி மயங்கி விழுந்தாள்.

பாஞ்சாலி அதே லைனில் கடைசிப் பலகை. நின்றபடியே சரிந்தவளைத் தூக்கிக்கொண்டு போய் முதலுதவி அறையில் படுக்கவைத்தார்கள். தெளிந்து எழுந்து அவள் லைனுக்குத் திரும்ப மத்தியானம் தாண்டிவிட்டது. மறுநாள் வருகைப் பதிவில் பார்த்தால், அவளுக்கு அரைநாள் லீவு போட்டிருந்தார்கள். கம்பெனிக்குள்ளேயே படுத்திருந்தவளுக்கு லீவு. கேட்டதற்கு, "படுத்திருந்தா வேலை நேரமா அது?" என்று புருஷோத்தமன் சொன்னாராம். பாஞ்சாலி அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். லைனில் ஒருத்தரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் டேப் அறுக்கிற சத்தம் அன்று எல்லாப் பலகையிலும் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் வல்லம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய்க்கொண்டிருந்தது. கலைமதி ஜன்னலோரம். பக்கத்தில் சுகப்பிரியா.

"முன்னால ஒருக்கா இப்படித்தான் ஆச்சு," என்றாள் கலைமதி. "நீங்கல்லாம் வர்றதுக்கு முன்ன. டீ டைம்ம கட் பண்ணிட்டானுங்க. நாங்க இன்னா பண்ணோம் தெரியுமா? கேன்டீனுக்குப் போனோம், தட்ட எடுக்கல. சும்மா போய் குந்திக்கினோம். ஒருத்தி வாயத் தொறக்கல. அவ்ளோதான், மேனேஜரே மாடிலேர்ந்து எறங்கி வந்துட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? டீ வந்துச்சு."

வல்லத்தில் இறங்கும்போது கலைமதி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். லைனில் ஒயர் தவறாகப் போகும்போது, வாயால் சொல்லாமல் கண்ணாலேயே தடுப்பாளே, அந்தப் பார்வை. சுகப்பிரியாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் மத்தியானம் கேன்டீனில் தட்டுகள் அடுக்கியிருந்த மேஜையைத் தாண்டி கலைமதி வெறுங்கையோடு நடந்தாள். போய் வழக்கமான மேஜையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டாள். பின்னால் வந்த சுகப்பிரியாவின் கை ஒரு நொடி தட்டை நோக்கிப் போய்த் திரும்பியது. அவளும் நடந்தாள். அவளுக்குப் பின்னால் தென்றல். அதன் பிறகு யார் யாரைப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. மேஜைகள் நிறைந்தன, தட்டுகள் அடுக்கியபடியே இருந்தன. சோறு பரிமாறுகிறவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, இன்னைக்கு உப்பு ஜாஸ்தியா?" என்று அப்பாவியாகக் கேட்டார். சுகப்பிரியாவின் கண் ஒருமுறை வாசல் பக்கம் போய் வந்தது. ஆனால் பக்கத்தில் கலைமதியின் கைகள் அசையாமல் இருந்தன. அவற்றைப் பார்த்துத் தன் கைகளையும் அப்படியே வைத்துக்கொண்டாள். சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு பெருமையாக அவள் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

மேனேஜர் இறங்கி வரவில்லை. ஆனால் மணி மூன்றைத் தொடுவதற்குள் பாஞ்சாலியின் அரைநாளைத் திருத்திவிட்டதாகச் செய்தி வந்தது. லைனில் சத்தமில்லாமல் ஒரு சந்தோஷம் பரவியது. அதன் பின்னாலேயே இன்னொரு செய்தியும் வந்தது. கேமராப் பதிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ராஜசேகர் சார் ஒவ்வொருத்தராகக் கூப்பிடுகிறார். முதலில் கலைமதி, அடுத்தது சுகப்பிரியா.

ராஜசேகரின் அறை கண்ணாடித் தடுப்பு போட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே நடப்பது தெரியும், பேச்சு கேட்காது. சுகப்பிரியா பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை அதுதான்.

கலைமதி நாற்காலியின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பயந்தவள்போல இல்லை. ராஜசேகர் ஏதோ கேட்டார். கலைமதி வயிற்றில் கை வைத்துக் காட்டினாள். எங்கள் எல்லோருடைய பசியையும் சொல்கிறாள் என்று சுகப்பிரியா புரிந்துகொண்டாள். பிறகு சுவர்ப்பக்கம் கையை நீட்டினாள். அங்கே வருகைப் பட்டியலும் பக்கத்தில் தினசரி காலண்டரும் தொங்கின. பாஞ்சாலியின் அரைநாளைப் பற்றிப் பேசுகிறாள். பிறகு இரண்டு கைகளையும் குவித்து நெற்றிக்குக் கொண்டுபோனாள். இதற்கு மேல் உங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன் என்கிறாள். ராஜசேகர் தலையாட்டினார். கடைசியில் அவர் முகத்தில் ஒரு புன்னகைகூட வந்தது. உண்மையை நேராகச் சொன்னால் மதிக்கிறவர்போலத்தான் இருக்கிறது என்று சுகப்பிரியாவுக்குத் தோன்றியது.

வெளியே வந்த கலைமதி அவள் தோளை ஒருமுறை அழுத்தினாள்.

"உள்ளத சொல்லுடீ. ஒண்ணும் ஆவாது."

சுகப்பிரியா உள்ளே போனாள். நாற்காலி விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ராஜசேகர் நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தது. முன்னாலிருந்த திரையில் கேன்டீன் காட்சி அசையாமல் நின்றது. தட்டு மேஜையைத் தாண்டிக்கொண்டிருந்தவள் அவளேதான்.

"ஏம்மா தட்டு எடுக்கல?"

"பாஞ்சாலிக்காகத்தான் சார்." குரல் நடுங்காமல் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். "மயங்கி விழுந்தவங்களுக்கு லீவு போட்டது தப்பு சார். அதான் நாங்க யாரும் சாப்பிடல."

ராஜசேகர் பேனாவைக் கீழே வைத்தார். "நாங்கன்னா?"

"நாங்க எல்லாரும். இப்ப கலைமதியக்கா சொன்னாங்கள்ல சார்."

"கலைமதியா?" அவர் புருவம் உயர்ந்தது. "அவங்களுக்கு இன்னைக்குக் கிருத்திகை விரதம்மா. முருகனுக்கு இருக்காங்க. அதான் சாப்பிடலன்னாங்க. எங்க வீட்லகூட இன்னைக்கு விரதம்தான்." சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினார். அன்றைய தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கிருத்திகை என்று போட்டிருந்தது. "'பாஞ்சாலி விஷயமே எனக்குத் தெரியாது சார், நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன், திரும்பிப் பாத்தா எல்லாரும் உக்காந்திருக்காங்க'ன்னு கலைமதி சொன்னாங்க."

சுகப்பிரியா காலண்டரைப் பார்த்தாள். வயிற்றில் வைத்த கை, சுவரைக் காட்டிய கை, நெற்றிக்குப் போன கைகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து, இப்போது வேறு இடத்தில் போய் உட்கார்ந்தன.

"அப்ப கலைமதியக் கணக்குல சேக்க முடியாது," என்றார் ராஜசேகர். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "அடுத்தது நீ. உனக்குப் பின்னாலதான் எல்லாரும். பாரும்மா, அந்தப் பொண்ணோட அரைநாளைத் திருத்தியாச்சு. ஆனா ஆரம்பிச்சது யாருன்னு மேல ஒரு பேர் கேக்கறாங்க. உனக்கு மாசக் கடைசில ட்ரெயினிங் முடியுது. யார் சொல்லி நீ எடுக்கல? நாளைக்குக் காலைல வந்து சொல்லு. சொன்னா பெர்மனன்ட் லிஸ்ட்ல உன் பேர் இருக்கும். இல்லன்னா நீதான் ஆரம்பிச்சேன்னு போகும்."

"யாரும் சொல்லல சார்."

"சொல்லாம எப்படி?"

"பாத்தேன்," என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பேசாமல் எழுந்துவிட்டாள்.

படியிறங்கும்போதுதான் தயிர்சாதம் ஞாபகம் வந்தது. மாதத்தில் அந்த ஒருநாள். போன மாதம் எந்தக் கிழமை, அதற்கு முந்திய மாதம் எந்தக் கிழமை என்று கூட்டிக் கழித்துப் பார்த்தாள். எல்லாம் இருபத்தேழு நாள் இடைவெளியில் வந்து நின்றன. அதெல்லாம் கிருத்திகைகள். கிருத்திகையன்று கலைமதி பட்டினி கிடப்பதில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஏன் என்றுகூடத் தெரியாமல், சுகப்பிரியாவும் அந்த விரதத்தை இருந்திருக்கிறாள். இப்போது ஒரு சந்தேகமும் கிளம்பியது. ஒருவேளை இந்த மாதம் மட்டும் முழுப்பட்டினியோ? பஸ்ஸில் பார்த்த பார்வை வெறும் பார்வைதானோ? எல்லாவற்றையும் நான்தான் கோத்துக்கொண்டேனோ?

பஸ் நிற்கும் ஷெட்டில் ஒரு தூணோரம் கலைமதி நின்றிருந்தாள். இன்னும் வெயில் இறங்கவில்லை. கையில் பிஸ்கட் பாக்கெட். ஒன்றைக் கடித்துக்கொண்டே, வந்தவளிடம் இன்னொன்றை நீட்டினாள்.

"இந்தா. காலைலேர்ந்து வெறும் வயிறு."

சந்தேகம் தீர்ந்தது. தீராமலே இருந்திருக்கலாம் என்று சுகப்பிரியா நினைத்தாள்.

"விரதம்னா சொன்னிய?" கலைமதியிடம் ஒருநாளும் வராத ஊர்ப்பேச்சு, கோபத்தில் தானாக வந்துவிட்டது.

"கிருத்திகதானே இன்னிக்கு."

"கிருத்திகைக்கு நீங்க தயிர்சோறு சாப்புடுவிய. மாசாமாசம் ஒங்க பக்கத்துல உக்காந்து நானும் சாப்புட்டிருக்கேன்."

கலைமதி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். "நல்லாத்தான் பாத்துகினு இருந்திருக்க."

"நேத்து பஸ்ல சொன்னியளே."

"இன்னா சொன்னேன்? பழைய கத சொன்னேன். நீ தட்டெடுக்காதன்னு சொன்னனா? ஒரு வார்த்த சொன்னனா, நீயே சொல்லு."

"சொல்லல."

"அப்புறம்?"

"உள்ளதச் சொல்லுன்னு சொன்னிய. கண்ணாடிக்கு வெளிய ஒக்காந்து நான் பாத்துட்டே இருந்தேன். நீங்க எங்களுக்காகப் பேசுறியன்னு நெனச்சேன்."

கலைமதி பாக்கெட்டின் வாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஏன்டீ என்னியே பாக்கற? வேற ஆளே இல்லியா? நான் கேட்டனா உன்ன? காலைல வந்தா சாயங்காலம் வரிக்கும் கண்ணு மேலயே கீது. எனக்கு மூச்சு முட்டுது, தெரியுமா?" குரலைத் தணித்துக்கொண்டாள். "இதோ, நாம நிக்கற எடம் எங்க மாமனாரு நெலம். நெல்லு வெளஞ்ச எடம். வூட்டுக்கு ஒரு வேலன்னு சொல்லித்தான் எழுதி வாங்குனாங்க. அந்த ஒரு வேல நான்தான். லீடர் ஆயிட்டா எங்க வூட்ல கொஞ்சம் நிமிந்து உக்காருவாங்க. இது போச்சுன்னா நான் எங்க போறது? நீ மூட்டையக் கட்டினா ஊருக்குப் போவ."

"ஊருல என்னக்கா இருக்கு?"

"ஊருன்னு ஒண்ணு கீதே. எனக்கு இதான் ஊரு. இந்த ஷெட்டுதான்."

பஸ் வந்தது. கலைமதி ஏறி வழக்கமான ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். சுகப்பிரியா நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். எங்கே பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. மடியைப் பார்த்தாள். மடியில் இரண்டு கைகளும், மத்தியானம் கேன்டீன் மேஜைமேல் இருந்தபடியே இருந்தன. அவற்றைப் பிரித்துவைத்தாள். பிரித்தபின் எப்படி வைத்துக்கொள்வது என்பதும் விளங்கவில்லை.

ரூமுக்குப் போய் யோசித்தாள். வரிசையாகத்தான் யோசித்தாள். அக்கா பெயரைச் சொன்னால் நான் காட்டிக்கொடுத்தவள். சொல்லாவிட்டால் செய்தவள் நான் ஒருத்திதான் என்று ஆகிவிடும், அது பொய். அக்கா சொல்லி நான் செய்யவில்லை, அதுவும் நிஜம். அக்கா இல்லாவிட்டால் செய்திருக்கவே மாட்டேன், அதுவும் நிஜம். பாஞ்சாலிக்கு நடந்தது அநியாயம் என்று எனக்கே தோன்றியதா, அல்லது கலைமதிக்குத் தோன்றியதால் எனக்கும் தோன்றியதா? இந்த இடத்தில் அவளால் மேலே போக முடியவில்லை. கடைசியில், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். தயிர்சாதத்தைச் சொல்ல வேண்டும். பிஸ்கட்டைச் சொல்ல வேண்டும். யாரையும் பார்க்காமல் எடுத்த முடிவு அது. அதனாலேயே பயமாக இருந்தது.

காலையில் ராஜசேகர் அறையில் கூட்டமாக இருந்தது. சூப்பர்வைசர் புருஷோத்தமன் சுவரில் சாய்ந்து நின்றார். தென்றலும் லைனிலிருந்து இன்னும் இரண்டு பேரும் ஓரமாக நின்றார்கள். "யாரைப் பாத்து எடுக்காம விட்டீங்க?" என்று அவர்களை ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

"சுகப்பிரியாக்கா எடுக்கல சார். அதான் நானும்," என்று தென்றல் சொல்லியிருந்தாள். இப்போது தலைகுனிந்து நின்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடந்தது அதுதான்.

"சொல்லும்மா," என்றார் ராஜசேகர்.

"நான் கலைமதியக்காவப் பாத்துத்தான் சார் எடுக்கல. அவங்களும் பாஞ்சாலிக்காகத்தான் எடுக்கல. விரதம் இல்ல. கிருத்திகைன்னா அவங்க தயிர்சாதம் சாப்பிடுவாங்க, கேன்டீன்ல கேட்டுப் பாருங்க."

ராஜசேகர் ஆளனுப்பிக் கலைமதியை வரச் சொன்னார். வந்தவளிடம், சுகப்பிரியா சொன்னதை அப்படியே சொன்னார். சுகப்பிரியாவுக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

கலைமதி பதறவில்லை. மறுக்கக்கூட இல்லை.

"மெய்தான் சார். மத்த மாசம்லாம் தயிர்சாதம்தான். லீடர் போஸ்ட்டு கெடச்சா இந்த மாசத்துலேர்ந்து முழுப்பட்டினி இருக்கேன்னு திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கினேன். இன்னும் கெடைக்கல, ஆனா அட்வான்ஸா ஆரம்பிச்சிட்டேன்." புருஷோத்தமன் வாயைப் பொத்திக்கொண்டார். "இத்த இதுகிட்ட சொல்லல சார். சொல்லியிருந்தா தானும் லீடர் ஆவணும்னு இதுவும் வேண்டிக்கும்."

ராஜசேகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்களே இவங்களக் கேளுங்க சார்," என்று ஓரமாக நின்றவர்களைக் காட்டினாள் கலைமதி. "நான் தும்முனா இதுவும் தும்மும். நான் கொட்டாவி வுட்டா கொட்டாவி வுடும். ஒருநாள் எனக்குக் கால்ல முள்ளு குத்தி நொண்டிக்கினு வந்தேன், அன்னிக்குப் பூரா இதுவும் நொண்டிக்கினு திரிஞ்சிது. அதுக்கு நான் இன்னா சார் பண்ணட்டும்?"

நொண்டியது நிஜம். தான் அன்று நொண்டியது சுகப்பிரியாவுக்கே தெரியாது. தெரிந்தவள் கலைமதி ஒருத்திதான். அவளும் இத்தனை நாள் அதை யாரிடமும் சொன்னதில்லை, இவளிடம்கூடச் சொன்னதில்லை. எங்கேயோ பத்திரமாக வைத்திருந்ததை எடுத்து, இங்கே இத்தனை பேர் முன்னால் உதறிவிட்டாள்.

"நேத்து சாயங்காலம் பிஸ்கட்..." என்று சுகப்பிரியா தொடங்கினாள்.

அறையில் எழுந்த சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. புருஷோத்தமன் சுவரில் சாய்ந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். லைனிலிருந்து வந்த இரண்டு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். தென்றல்கூட அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். ராஜசேகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"சரிம்மா கலைமதி, நீ லைனுக்குப் போ," என்றார். "இப்படி ஒரு பொண்ண வெச்சுக்கிட்டு லீடர் வேலைய எப்படித்தான் பாக்கப் போறியோ."

கலைமதி போகும்போது சுகப்பிரியாவின் பக்கமாகத்தான் போனாள். தோளை அழுத்தவில்லை.

ராஜசேகர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். சிரிப்பின் மிச்சம் இன்னும் முகத்தில் இருந்தது. அந்த முகத்தோடேயே சொன்னார். "உனக்கு மாசக் கடைசியோட முடியுது இல்ல? அதோட சரிம்மா. யூனிஃபார்ம் கோட்டையும் ஐடி கார்டையும் அன்னைக்கு ஸ்டோர்ல குடுத்துட்டுப் போயிடு."

"பேர் சொன்னா இருக்கலாம்னு சொன்னீங்க சார்."

அப்படி அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்பதற்கு வாய் வாகாக இல்லை. உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, பல் தெரிந்து, கன்னம் வலித்தது. எல்லோரும் சிரித்தபோது தானும் கூடவே சிரித்திருக்கிறோம், இன்னும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறோம் என்பது சுகப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.